நார்மலைஸ் போட்டா சவுண்டு ஏன் ஏடாகூடமாவுது?

ஆடி மாசம் நெருங்கினா வேலூர், காட்பாடி, குடியாத்தம் சுத்துவட்டாரத்துல லேப்டாப்பும் மைக்கை அதோட சேக்குற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் வெச்சிருக்கிற பசங்க நெறைய பேரு அம்மன் பாட்டு ரெக்கார்டிங்ல தான் இருப்பாங்க. பம்பை, உடுக்கை, சிலம்பு, மேல ஒரு கணீர் கொரலு, கீழ எஃப்எல் ஸ்டுடியோங்கிற பாட்டு பண்ற சாஃப்ட்வேர்ல போட்ட பீட்டு, பெண் டிரைவ்ல ஏத்தி ரேடியோ செட்டுக்காரர் கையில குடுக்கணும், அப்பால யூடியூப்லயும் ஏத்தணும். அந்த நேரத்துல வர்ற கேள்வியெல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும். "அண்ணா, நார்மலைஸ் போட்டா சவுண்டு இன்னும் கம்மியாவுதுணா", "லெஃப்ட்ல பாட்டு வருது, ரைட்டுல ஒரே இரைச்சலா இருக்கு", "மாஸ்டர் ஃபேடரை (மொத்த சத்தத்தோட கன்ட்ரோல்) எவ்ளோ இறக்கினாலும் எக்ஸ்போர்ட் பண்ணா அதே சத்தம் தான் வருதுணா, இன்னாணா இது". சாஃப்ட்வேர்ல பக்குன்னு நெனச்சி அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போடுறவங்க கூட இருக்காங்க. பெரும்பாலும் பக்கெல்லாம் ஒண்ணியும் இல்ல. நார்மலைஸ்ங்கிறது ஃபைலோட சத்தத்தை நாம கேட்ட அளவுக்குக் கொண்டுவர்ற பட்டன், அது எந்த நம்பரைப் பாத்து முடிவு எடுத்துச்சுன்னு நமக்குத் தெரியாம போறது தான் பிரச்சனை, அந்த நம்பரைத் தேடிப் புடிச்சிட்டா முக்கால்வாசி மர்மம் தீந்துடும்.

மொதல்ல அடிப்படை. டிஜிட்டல் ஆடியோவுல கூரை 0 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு). அதுக்கு மேல சாதாரண ஃபைல்ல எழுத எடம் கெடையாது, அதனால தான் மீட்டர்ல எல்லா நம்பரும் மைனஸ்ல ஓடுது, −6, −12, −20 இப்படி. 6 டிபி ஏத்துனா வேவ்ஃபார்மோட, அதாவது ஸ்கிரீன்ல தெரியற சவுண்டு அலையோட, உயரம் கிட்டத்தட்ட டபுள் ஆகும், 6 டிபி இறக்குனா பாதியாகும், இந்த ஒரு கணக்கு மனசுல இருந்தா போதும். பீக் நார்மலைஸ் பண்றது இது தான்: ஃபைல் முழுக்கத் தேடி ரொம்ப உயரமான ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபுடிக்கும், அது −12ல இருக்குன்னு வைங்க, நீங்க கேட்டது −1ன்னா, 11 டிபியை மொத்த ஃபைலுக்கும் ஒரே அளவா கூட்டிடும். அவ்ளோ தான். மெதுவா பாடுன எடத்தைத் தூக்கி, கத்துன எடத்தை அமுக்குற வேலையெல்லாம் கம்ப்ரஸரோடது, இதுக்கு அதெல்லாம் தெரியாது. தேர் வரும்போது தெருவுல கரண்டு வயரு எடிக்குமான்னு பாக்குறவங்க கலசத்தோட உச்சியை மட்டும் தான் பாப்பாங்க, உள்ள சாமி எவ்ளோ உயரம்னு யாரும் அளக்கறதில்ல, பீக் நார்மலைஸும் அப்படித் தான் உச்சியை மட்டும் பாக்குது.

இப்ப அந்த மொதல் கேள்விக்கு வருவோம், நார்மலைஸ் போட்டா சவுண்டு கம்மியாவுது. பாட்டு முடிஞ்சி கடைசியில பம்பைக்காரரு குச்சியைக் கீழ வெக்கும்போது அது மைக் ஸ்டாண்டுல பட்டு "டங்"குன்னு ஒரு சத்தம், ரெக்கார்டிங் ஸ்டாப் பண்றதுக்கு முன்னாடி அதுவும் உள்ள வந்துடுச்சு. பாட்டுல இருக்குற பெரிய அடியே −13 தான், ஆனா அந்த ஒரு டங்கு −0.5. நார்மலைஸுக்குத் தெரிஞ்ச உச்சி அது தான், நீங்க −1 கேட்டீங்க, அது சமத்தா அரை டிபி கொறைச்சிக் குடுத்துடும். கேட்டது நடந்துடுச்சு, நெனச்சது நடக்கல. மைக் கேபிளை சொருகும்போது வர்ற "டப்", பாடுறவங்க வாய் மைக்குல பட்டு வர்ற "ப்ப்", எடிட் பண்ண எடத்துல வர்ற கிளிக், எல்லாமே இதே கதை தான். இதைப் புடிக்கிறது கஷ்டம் இல்ல, வேவ்ஃபார்மை முழுசா ஜூம் அவுட் பண்ணிப் பாருங்க, மத்ததெல்லாம் குட்டையா இருக்க, ஒத்தையா ஒரு மெல்லிசு கோடு மட்டும் மேல வரைக்கும் நீட்டிக்கினு நிக்கும். அது பாட்டுக்கு வெளிய இருந்தா வெட்டித் தள்ளிடுங்க, பாட்டுக்குள்ள இருந்தா அந்தத் துண்டை மட்டும் செலக்ட் பண்ணி ஒரு 10 டிபி கொறைங்க, அப்புறம் நார்மலைஸ் போடுங்க.

அடுத்தது இதுக்கு நேர் எதிரானது: சவுண்டு ஏறிடுச்சு, ஆனா கூடவே வீட்டுல இருக்குற எல்லாமும் ஏறிடுச்சு. நம்ம ஊரு வெயில் தெரிஞ்சது தான், மே மாசம் ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு பாடுடான்னா எவனும் பாட மாட்டான். பயந்துக்கினு கெயினையும் (மைக் சவுண்டை ஏத்தி இறக்குற திருகு) கம்மியா வெச்சி, கொரலு −19க்கு மேல போகாம ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்பால நார்மலைஸ் பாத்துக்கும்னு விட்டா, கொரலு 18 டிபி ஏறும்போது −60ல பதுங்கிக்கினு இருந்த ஃபேன் சத்தமும் 18 ஏறி −42க்கு வந்து உக்காந்துக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் மாறவே இல்ல, முன்னாடி காதுக்கு எட்டல, இப்ப எட்டுது, அவ்ளோ தான் வித்தியாசம். 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணுங்க, பெரிய அடி −12லேருந்து −6க்குள்ள நிக்கிற மாதிரி கெயின் வைங்க, டேக் ஓடுற அந்த நாலு நிமிஷம் மட்டும் ஃபேனை ஆஃப் பண்ணுங்க, அடுத்த டேக்குக்கு நடுவுல போட்டுக்கலாம். "ம்ம்ம்"னு ஒரே மாதிரி அடியில ஓடுதுன்னா அது ஃபேனா இருக்காது, நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸும் அதோட மடங்கு 100, 150ம் தான் அது. லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரியில ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, போயிடுச்சுன்னா ஆளு மாட்டிக்கிச்சு.

காதுக்கே கேக்காத சத்தம் கூட நார்மலைஸை ஏமாத்தும். கட்டில் மேல மைக் ஸ்டாண்டு வெச்சிருப்பாங்க, ரோட்டுல லாரி போகும், 15, 20 ஹெர்ட்ஸ்ல ஒரு ஆட்டம் ரெக்கார்டிங்ல ஏறியிருக்கும், உங்க சின்ன ஸ்பீக்கர்ல அது வரவே வராது, ஆனா மீட்டர்ல எடம் புடிச்சிக்கினு இருக்கும். கொரலு ட்ராக்ல 80 ஹெர்ட்ஸ்கிட்ட, அதுக்குக் கீழ இருக்குறதை வெட்டுற ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டுட்டு நார்மலைஸ் பண்ணா சவுண்டு திடீர்னு நல்லா ஏறும். பம்பை ட்ராக்ல அவ்ளோ மேல வெட்டாதீங்க, அடி சவுண்டு செத்துடும், அதுக்கு 30 போதும். இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொண்ணு டிசி ஆஃப்செட். வேவ்ஃபார்ம் நடுக்கோட்டுல ஓடாம மொத்தமா கொஞ்சம் மேலயோ கீழயோ தள்ளி ஓடும், மலிவான யுஎஸ்பி சவுண்டு கார்டுல சகஜம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமா கூரையில எடிச்சிடும், இன்னொரு பக்கம் எடம் சும்மா கெடக்கும், வெட்டுன எடத்துலயெல்லாம் டிக் டிக்னு வரும். ஆடாசிட்டிங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நார்மலைஸ் தொறந்தா "ரிமூவ் டிசி ஆஃப்செட்"னு மேலயே ஒரு டிக் இருக்கும், அதை அப்படியே விடுங்க, கழட்டாதீங்க.

அதே டப்பாவுல கீழ இன்னொரு டிக் இருக்கும், ஸ்டீரியோ சேனல்களைத் தனித்தனியா நார்மலைஸ் பண்ணுன்னு. அது சாதாரணமா டிக் இல்லாம தான் இருக்கும், யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு போட்டுட்டு மறந்துடுவாங்க, ஒரு தடவை போட்ட செட்டிங் அடுத்த தடவையும் அப்படியே வந்து நிக்கும். லெஃப்ட்ல பாட்டு, ரைட்டுல இரைச்சல்னு வர்றது இதால தான். இன்டர்ஃபேஸ்ல ஒரே ஒரு மைக் சொருகி ஸ்டீரியோவா ரெக்கார்ட் பண்ணியிருப்பாங்க, லெஃப்ட்ல கொரலு இருக்கும், ரைட்டுல ஒண்ணும் இல்ல, −70ல ஒரு மெல்லிசு இரைச்சல் மட்டும். தனித்தனியா நார்மலைஸ் பண்ணச் சொன்னா அது ரைட்டோட உச்சியைத் தேடும், −70 கெடைக்கும், அதை −1க்குத் தூக்க 69 டிபி ஏத்தும், ஹெட்போன்ல ஒரு காதுல அம்மன் பாட்டு, இன்னொரு காதுல பாலாத்துல வெள்ளம். அந்த மாதிரி ட்ராக்கை மோனோவாப் பிரிச்சி, காலியா இருக்குற சேனலைத் தூக்கிப் போட்டுட்டு தான் மேல வேலை பாக்கணும். இரைச்சலே இல்லாத நல்ல ஸ்டீரியோ ரெக்கார்டிங்ல கூட அந்த டிக் ஆபத்து தான், பம்பை லெஃப்ட்ல ஓங்கியும் உடுக்கை ரைட்டுல அடங்கியும் இருந்ததை ரெண்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்துட்டு, பாட்டு ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி ஆக்கிடும்.

துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் தனியா நார்மலைஸ் போடுறதும் இதே ரகம். பல்லவி ஒரு துண்டு, சரணம் ஒரு துண்டு, நடுவுல "ஓம் சக்தி"ன்னு மெதுவா சொன்னது ஒரு துண்டு, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே தட்டா தட்டுனா மெதுவா சொன்னதும் கத்துன அளவுக்கு வந்துடும், மூச்சு விட்ட துண்டு தனியா இருந்தா அதுவும் புயலா வரும். ரீப்பர்ங்கிற சாஃப்ட்வேர்ல இதுக்குன்னே காமன் கெயின்னு ஒரு வழி இருக்கு, எல்லா துண்டுலயும் எது உச்சியோ அதை வெச்சி எல்லாத்துக்கும் ஒரே அளவு ஏத்தும், துண்டுகளுக்குள்ள இருக்குற ஏத்த இறக்கம் கெடாது. அந்த வசதி இல்லாத சாஃப்ட்வேர்னா மொதல்ல துண்டையெல்லாம் ஒண்ணா ஒட்டிட்டு நார்மலைஸ் போடுங்க. மிக்ஸிங்குக்கு வேற ஆளுகிட்ட ஸ்டெம் (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஃபைலா) அனுப்பும்போது நார்மலைஸ் போடவே போடாதீங்க, ஸ்ருதிப்பெட்டியும் பம்பையும் ஒரே சத்தத்துல வந்து நின்னா அவரு உங்க பேலன்ஸை எங்கேருந்து தெரிஞ்சிக்குவாரு?

இப்ப மாஸ்டர் ஃபேடர் விஷயம். ஃபேடரை 3 இறக்கி எக்ஸ்போர்ட் பண்ணீங்க, 6 இறக்கி பண்ணீங்க, ரெண்டு ஃபைலும் ஒரே சத்தம்னா எக்ஸ்போர்ட் டப்பாவுலயே நார்மலைஸ் ஆன்ல இருக்குன்னு அர்த்தம், வேற காரணம் தேடவே வேணாம். லாஜிக்ங்கிற சாஃப்ட்வேர்ல பவுன்ஸ், அதாவது எக்ஸ்போர்ட், பண்ணும்போது மூணு விதமா கேக்கும்: ஆஃப், ஓவர்லோட் ப்ரொடெக்‌ஷன் ஒன்லி, ஆன். நடுவுல இருக்குறது 0 தாண்டுனா மட்டும் இறக்கும், கம்மியா இருந்தா ஏத்தாது. கேரேஜ்பேண்ட்ல ஆட்டோ நார்மலைஸ்னு செட்டிங்ஸ் உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும். ஏபிள்டன்லயும் எக்ஸ்போர்ட் டப்பாவுல ஒரு ஸ்விட்ச். எஃப்எல் ஸ்டுடியோவுல இது வேற எடத்துல கடிக்கும், ஒவ்வொரு சாம்பிளோட சேனல் செட்டிங்லயும் நார்மலைஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அதை ஆன் பண்ணி வெச்சிக்கினு அதே பேர்ல வேற டேக்கை மாத்திப் போட்டா புது ஃபைலோட உச்சிக்குத் தகுந்தபடி அளவு மாறிடும், ஃபேடரைத் தொடவே இல்ல ஆனா மிக்ஸ் மாறிப்போச்சேன்னு மண்டை காயும்.

கிளிப் ஆன சவுண்டை நார்மலைஸ் போட்டு −6க்கு இறக்கிட்டா சரியாயிடுமான்னு கேட்டா, ஃபைல் எந்த ரகம்னு பாக்கணும். 16 பிட், 24 பிட் ஃபைல்ல 0க்கு மேல போனதெல்லாம் வெட்டி எறிஞ்சாச்சு, இறக்குனா தட்டையான தலையோட அப்படியே சின்னதாகும், கரகரப்பு போகாது. சாஃப்ட்வேர் உள்ள கணக்கு பெரும்பாலும் 32 பிட் ஃப்ளோட்ல நடக்குது, அந்த ரகத்துலயே எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா 0க்கு மேல போனதும் ஃபைல்ல பத்திரமா இருக்கும், இறக்குனதும் முழுசா திரும்ப வந்துடும். ஆனா மைக் பக்கமே, இன்டர்ஃபேஸ்லயே செவப்பு லைட் எரிஞ்சிருந்தா எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது.

இதெல்லாம் சரி பண்ண பின்னாடியும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும், எல்லாருக்கும் வர்றது. ரெண்டு பாட்டையும் −1க்கு நார்மலைஸ் பண்ணேன், ஒண்ணு சின்ன சத்தமாவும் இன்னொண்ணு காது கிழியற மாதிரியும் ஏன் கேக்குது? பம்பை, உடுக்கை மாதிரி வாத்தியத்துல ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி மேல போயி உடனே இறங்கிடும், உச்சி −1 தான், ஆனா மத்த நேரமெல்லாம் ரொம்ப கீழ இருக்கு. சிந்த்தும் பேஸும் நெருக்கமா அடைச்ச கானா பீட்டுல உச்சியும் சராசரியும் கிட்டகிட்ட இருக்கும். நம்ம காது சராசரியைத் தான் சத்தம்னு எடுத்துக்குது, உச்சியை இல்ல. அதை அளக்கத் தான் எல்யூஎஃப்எஸ்னு ஒரு அலகு வந்துச்சு. 2006ல ஐடியூங்கிற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு இதுக்கு பிஎஸ்.1770னு ஒரு அளவுமுறை போட்டாங்க, 2010ல ஐரோப்பிய டிவிக்காரங்க அதை வெச்சி ஆர்128னு ஒரு விதி எழுதி −23ஐ இலக்கா வெச்சாங்க. காது எந்த அதிர்வெண்ணை எவ்ளோ கேக்கும்னு கணக்குல எடுத்துக்கினு, 400 மில்லிசெகண்ட் துண்டு துண்டா அளந்து, சும்மா அமைதியா இருக்குற எடத்தையெல்லாம் விட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி எடுக்கும்.

ஆடாசிட்டியில லவுட்னெஸ் நார்மலைசேஷன்னு இது தனி எஃபெக்ட்டா இருக்கு, தொறந்தா −23னு நிக்கும். அது டிவி ஒளிபரப்புக்கான நம்பர், நம்ம பசங்க அப்படியே அப்ளை பண்ணிட்டு பாட்டு செத்துப்போச்சேன்னு அழுவாங்க. −14னோ −16னோ மாத்திக்கணும். மோனோ ட்ராக்குக்கு "ட்ரீட் மோனோ ஆஸ் டூயல் மோனோ"ங்கிற டிக் இருக்கணும், இல்லாட்டி 3 டிபி வித்தியாசம் காட்டும். ஆனா பெரிய சிக்கல் வேற எடத்துல: உங்க பம்பை பாட்டு −20 எல்யூஎஃப்எஸ், உச்சி −1. அதை −14க்கு ஏத்துன்னா 6 கூட்டும், உச்சி +5க்குப் போயிடும், எக்ஸ்போர்ட் பண்ணதும் ஒவ்வொரு அடியும் டப்பா ஒடையற மாதிரி கேக்கும். இங்க நார்மலைஸால ஆவற வேலை ஒண்ணும் இல்ல, கம்ப்ரஸரும், உச்சியை ஒரு அளவைத் தாண்ட விடாத லிமிட்டரும் போட்டு அந்த ஊசியை மழுக்கினா தான் சராசரி ஏறும். அவ்ளோ மழுக்கணுமான்னா, என் அபிப்பிராயம் வேணாம். பம்பையோட உசுரே அந்த ஊசியில தான் இருக்கு, அதைக் கொன்னு −8க்கு ஏத்துற பாட்டு தெருமுனையில கேக்கும்போது தகர டப்பா மாதிரி தான் இருக்கும்.

ஏத்துனாலும் பிரயோஜனம் இல்லங்கிறது தான் வேடிக்கை. ஸ்பாட்டிஃபை சாதாரணமா −14க்கு கொண்டுவந்து ஓட்டும், ஆப்பிள் மியூசிக்ல சவுண்டு செக் ஆன்ல இருந்தா −16. யூடியூப் −14க்கு மேல இருந்தா இறக்கும், கம்மியா இருந்தா அப்படியே விட்டுடும், ஏத்தாது. நீங்க −8ல குடுத்தா 6 டிபி இறக்கிட்டு தான் போடுவான். கம்ப்யூட்டர்ல யூடியூப் வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" தொறந்தா வால்யூம் வரியில பக்கத்துல கன்டென்ட் லவுட்னெஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அது 6ன்னா வால்யூம் 50 சதவீதம்னு காட்டும், மைனஸ்ல இருந்தா கை வெக்கலன்னு அர்த்தம். "என் பாட்டை மட்டும் கொறைச்சிட்டான்"னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. இன்னொண்ணு, உச்சியை 0 வரைக்கும் நிரப்பாதீங்க, எம்பி3 மாதிரி சுருக்கும்போது உச்சி கொஞ்சம் தாண்டிப் போகும், நிஜ உச்சியைக் காட்டுற ட்ரூ பீக் மீட்டர்ல −1 எடம் விட்டுட்டா நிம்மதி.

ஃபைல் சரியா இருந்தும் கேக்கும்போது மட்டும் ஏறி இறங்குதுன்னா குத்தவாளி விண்டோஸா இருக்கலாம். சவுண்டு செட்டிங்ஸ்ல என்ஹான்ஸ்மென்ட்ஸ் உள்ள லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்னு ஒண்ணு ஆன்ல இருந்தா மெதுவான எடத்தையெல்லாம் அதுவே தூக்கி, பம்பை அடிக்கும்போது மொத்தத்தையும் அமுக்கும், நீங்க இல்லாத கம்ப்ரஸரைத் தேடிக்கினு இருப்பீங்க. கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப், அதுல கால் வந்தா மத்த சவுண்டை 80 சதவீதம் கொறைன்னு இருக்கும், "டூ நத்திங்"னு மாத்திடுங்க. விண்டோஸைத் தாண்டி நேரா போற இன்டர்ஃபேஸோட ஆசியோ டிரைவர் வழியா கேட்டா பொதுவா இந்த ரெண்டு தொல்லையும் குறுக்க வராது. விஎல்சியிலயும் வால்யூம் நார்மலைஸ்னு ஒரு டிக் இருக்கு, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

எங்க கோளாறுன்னு பிரிச்சிப் பாக்க ஒரு நல்ல வழி, எக்ஸ்போர்ட் ஆன வேவ் ஃபைலை அதே ப்ராஜெக்ட்ல புது ட்ராக்கா போடுங்க, மாஸ்டர்ல இருக்குற பிளக்இன் இதுக்குப் படாத மாதிரி பாத்துக்குங்க, ஃபேஸைத் திருப்பிடுங்க (வேவ்ஃபார்ம் தலைகீழாகும்), அசல் மிக்ஸோட சேத்து ஓட்டுங்க. ரெண்டும் ஒண்ணேன்னா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு மீட்டர் கிட்டத்தட்ட காலியா நிக்கும், அப்ப எக்ஸ்போர்ட்ல தப்பு இல்ல, விண்டோஸ், பிளேயர் பக்கம் போயிடலாம். காலியாகலன்னா எக்ஸ்போர்ட் ட்ராக்கோட ஃபேடரை மெதுவா நவுத்துங்க, ஏதோ ஒரு எடத்துல, உதாரணத்துக்கு −4.2ல, சத்தம் அப்படியே அடங்குதுன்னா எக்ஸ்போர்ட்ல நார்மலைஸ் 4.2 டிபி ஏத்தியிருக்குன்னு கையும் களவுமா மாட்டிக்கிச்சு. எங்க நவுத்துனாலும் அடங்கலன்னா வெறும் வால்யூம் மாத்தம் இல்ல, லிமிட்டரோ கிளிப்போ உள்ள பூந்திருக்கு, இல்ல ரெவெர்ப், கோரஸ் மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வர்ற பிளக்இன் ஏதாவது ஓடுது, அதையெல்லாம் ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க.